அப்பாவோட பில் புக்கும் என்னோட ஆர்ட் ஜர்னலும்

வழக்கம்போல, பேசினதை அப்படியே போடாமல், நடுவில் வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் வெட்டிட்டு, படிக்கிற மாதிரி கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போட்டிருக்கோம். பின்னணியில் உளிச் சத்தம் கேட்டதுன்னு சிலர் சொல்வீங்க. நான் இருக்கிறது திருமுருகன்பூண்டி. அவிநாசி ரோட்டில் இங்கே வரிசையாகச் சிற்பக் கூடங்கள் இருக்கு. அந்தச் சத்தத்தை எடிட்டில் எடுக்க முடியாது, எடுக்கவும் தோணலை.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டீங்க: "ஆபீஸ் முடிஞ்சா ஸ்கிரீனை விட்டு எப்படி விலகி இருக்கீங்க?" எனக்கு இருக்கிற பதில் ஒண்ணுதான். நானே தைச்சு, நானே ஒட்டி, நானே கிறுக்குற ஒரு நோட்டு. ஆர்ட் ஜர்னல்னு சொல்றாங்க. அதை எப்படிச் செய்யறது, எதால் நிரப்பறது, எந்த இடத்தில் நான் பெரிய தப்புப் பண்ணேன், இது மூணும்தான் இன்னைக்கு.

ஒரு சாக்கு மூட்டையில் ஆரம்பிச்சது

எங்க அப்பா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருந்தார். ஒரு ஷெட், பத்து மெஷின், ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும். 2023ல் அதை மூடினார். மெஷினை வித்தாச்சு, ஷெட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. மிச்சம் வந்தது ரெண்டு சாக்கு மூட்டை. கட்டிங் வேஸ்ட், ஹேங் டேக், வாஷ் கேர் லேபிள், ஷேட் கார்டு, பாதி தீர்ந்த கோன் நூல், பழைய பில் புக், கணக்கு நோட்டு. பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியது. "கெடக்கட்டும் அம்மிணி, அடுத்த வாரம் போடலாம்"னு அப்பா சொன்னார். அந்த அடுத்த வாரம் ஒரு வருஷம் ஆச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை மூட்டையைப் பிரிச்சேன். சாயப்பட்டறையில் இருந்து பையருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே நீலத்தில் நாலு சாயல் போட்டு, சின்னச் சின்னத் துணியா அட்டையில் ஒட்டியிருப்பாங்களே, லேப் டிப். அது ஒரு கட்டு இருந்துச்சு. எந்த ஆர்ட் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் அது. அதைக் குப்பையில் போட மனசு வரலை.

ஆர்ட் ஜர்னல்னா என்ன?

டைரி எழுத்துக்கானது. ஸ்கெட்ச் புக் வரையறதுக்கானது. ஸ்கிராப் புக் நினைவுப் பொருளை ஒட்டி வைக்கறதுக்கானது. ஆர்ட் ஜர்னலில் மூணும் ஒரே பக்கத்தில், ஒண்ணு மேல ஒண்ணா வரும். பெயின்ட், துணி, நூல், டிக்கெட், கையெழுத்து எல்லாம் கலந்து வர்றதால்தான் மிக்ஸட் மீடியான்னு பேரு. யாருக்கும் காட்டணும்னு கட்டாயம் இல்லை. அழகா வரணும்னும் இல்லை.

இதில் உலகம் முழுக்கப் பேசப்படுற ஒரு ஆள் டேன் எல்டன். லண்டனில் பிறந்து, நைரோபியில் வளர்ந்த போட்டோகிராஃபர். 1993ல் சோமாலியாவில் வேலை பார்த்துட்டிருந்தப்போ கொல்லப்பட்டார். வயசு 22. அவர் விட்டுப் போன 17 நோட்டுகளில் போட்டோ, பெயின்ட், வெட்டி ஒட்டின காகிதம், கிறுக்கல் எல்லாம் கலந்து இருந்துச்சு. 1997ல் அதிலிருந்து எடுத்து ஒரு புத்தகம் வந்தது. அதைப் பார்த்துத்தான் பல பேர் தங்களோட நோட்டை ஆரம்பிச்சாங்க.

இன்னொருத்தர் டாம் பிலிப்ஸ், பிரிட்டிஷ் ஓவியர். 1966ல் மூணு பென்னிக்கு ஒரு பழைய நாவல் வாங்கினார். 1892ல் வந்த நாவல் அது. ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைப் படத்தால் மூடினார். அந்த ஒரே புத்தகத்தில் 50 வருஷம் வேலை பார்த்தார். பழைய அச்சுப் பக்கத்தின் மேலேயே வேலை செய்யலாம்னு அவர்கிட்ட இருந்துதான் நான் கத்துக்கிட்டேன். அதனாலேயே ஒரு சிக்கலிலும் மாட்டினேன். அதைக் கடைசியில் சொல்றேன்.

காகிதம்: நமக்குத் தெரிஞ்ச அதே ஜி.எஸ்.எம்.

பனியன் ஊர்க்காரங்களுக்கு ஜி.எஸ்.எம். புதுசு இல்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், அவ்வளவுதான். டி-ஷர்ட் துணிக்கு 160, 180ன்னு பேசுவோம். காகிதத்துக்கும் அதே அளவுதான். ஜெராக்ஸ் பேப்பர் 70ல் இருந்து 80. வாட்டர்கலர் பேப்பர் பெரும்பாலும் 300. ஜர்னலுக்கு 120ல் இருந்து 200க்குள் இருந்தால் மடிக்கவும் வரும், ஈரத்தையும் தாங்கும். ஜெராக்ஸ் பேப்பரில் பெயின்ட் வெச்சீங்கன்னா அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். அதுதான் இருக்குன்னா ரெண்டு தாளை ஒட்டி ஒண்ணாக்குங்க.

துணியில் கிரெய்ன் லைன் பார்த்துத்தான் பேட்டர்ன் வைப்பாங்க இல்லையா, அதே மாதிரி மில்லில் செஞ்ச காகிதத்துக்கும் இழை ஓடுற திசை இருக்கு. அந்தத் திசையில் மடிச்சால் சுத்தமா மடியும். குறுக்கே மடிச்சால் முறுமுறுன்னு வெடிக்கும். கடையில் வாங்குற ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும், பாதியா மடிச்சால் குறுக்கே மடியும். அதனால் நீளவாக்கில் இழை ஓடுற ஏ3 தாளை வாங்கி ரெண்டா வெட்டுங்க. அப்போ மடிப்பும் இழையும் ஒரே திசையில் வந்துடும்.

கைக்காகிதம் கிடைச்சால் இன்னும் நல்லது. இங்கே நம்ம ஊருக்கும் காகிதத்துக்கும் ஒரு உறவு இருக்கு. பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். செய்தித்தாளைப் பழுப்பாக்குற லிக்னின் அதில் இல்லை. இழையும் நீளம். அதனால்தான் பருத்தித் துணிக் கழிவில் செஞ்ச காகிதம் பல காலம் நிக்கும். தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி.குமரப்பா, 1934ல் காந்தி தொடங்கின அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். அவங்க தூக்கிப் பிடிச்ச தொழில்களில் கைக்காகிதமும் ஒண்ணு. ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கனேரில் இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பேரில்தான் இருக்கு. நமக்குப் பக்கம்னா புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959ல் தொடங்கினது.

"அப்போ நம்ம கட்டிங் வேஸ்ட்டை வெச்சு வீட்டிலேயே காகிதம் பண்ணலாமே?" அதையும் முயற்சி பண்ணேன். அம்மாவோட மிக்ஸி போச்சு. (சிரிப்பு) பருத்தி இழை நீளமா இருக்கிறது காகிதத்துக்கு நல்லது, மிக்ஸிக்கு நல்லதில்லை. பிளேடில் சுத்திக்கிட்டு மோட்டார் புகைஞ்சிடுச்சு. காகிதக் கூடங்களில் துணியைச் சின்னதா வெட்டி, பீட்டர் மெஷினில் மணிக்கணக்கா அரைப்பாங்க. லைக்ரா, பாலியஸ்டர் கலந்த துணின்னா கூழாவே ஆகாது. ஆசையா இருந்தால் பழைய நோட்டுப் பேப்பரை ஊறவெச்சு அரைங்க, அதில் பொடிப்பொடியா நறுக்கின நூல் ஒரு சிட்டிகை தூவுங்க. மிக்ஸியை மட்டும் அம்மாகிட்ட கேட்டு எடுங்க.

தைக்கிறது: மூணு ஓட்டை போதும்

முதல் நோட்டுக்குப் பெரிய பைண்டிங் எல்லாம் வேண்டாம். வேணும்கிறது: வெட்டின தாள் அஞ்சு, ஒரு அட்டை, ஊசி, நூல், மெழுகுவத்தி.

முதலில் அஞ்சு தாளையும் தனித்தனியா பாதியா மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா செருகுங்க. பத்து இலை, 20 பக்கம். மடிப்பின் மேல ஸ்பூனோட முதுகால் அழுத்தித் தேய்ங்க.

அப்புறம் மடிப்பில் மூணு புள்ளி. மேலேயும் கீழேயும் ஓரத்தில் இருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொண்ணு, நடுவில் ஒண்ணு. ஊசியால் குத்துங்க.

நூல், நோட்டோட உயரத்தைப் போல மூணு மடங்கு. கோன் நூல் ஓவர்லாக்குக்குச் சரி, காகிதத்துக்கு ரொம்ப மெலிசு. தாளையே அறுத்துடும். மூணு இழையைச் சேர்த்து, மெழுகுவத்தியில் ரெண்டு தடவை இழுங்க. சிக்கும் ஆகாது, முடிச்சும் நிக்கும்.

இப்போ தையல். உள்பக்கம் நடு ஓட்டையில் ஆரம்பிச்சு வெளியே வாங்க. வெளியே மேல் ஓட்டைக்குப் போய் உள்ளே நுழைங்க. உள்ளே நடு ஓட்டையைத் தாண்டி நேரா கீழ் ஓட்டைக்கு வந்து வெளியேறுங்க. வெளியே திரும்ப நடு ஓட்டைக்கு வந்து உள்ளே போங்க. இப்போ நூலின் ரெண்டு முனையும் உள்ளே இருக்கும், நடுவில் ஒரு நீள நூல் ஓடும். அந்த நீள நூலுக்கு ரெண்டு பக்கமும் முனைகளை வெச்சு மேலே முடிச்சுப் போடுங்க. முடிஞ்சது. பத்து நிமிஷ வேலை.

ஒரு முக்கியமான விஷயம். துணியும் டேகும் ஒட்ட ஒட்ட நோட்டு வாய் பிளந்துக்கும். அதனால் ஆரம்பத்திலேயே ரெண்டு இலையை மடிப்பில் இருந்து 2 செ.மீ. விட்டு வெட்டி எடுத்துடுங்க. அந்த 2 செ.மீ. துண்டு நோட்டில் நிக்கும். பின்னாடி வர்ற தடிமனுக்கு அதுதான் இடம் கொடுக்கும்.

அட்டைக்குப் பனியன் துணி ஒட்டணும்னா நேரா ஒட்டாதீங்க. சிங்கிள் ஜெர்சி ஓரத்தில் சுருண்டுக்கும், இழுத்தால் நீளும், பசை நூல் வழியா ஊறி மேலே வந்துடும். பாட்டி வழிதான் வழி. வடிகஞ்சியில் நனைச்சு, நிழலில் காயவெச்சு, அயர்ன் பண்ணுங்க. துணி காகிதம் மாதிரி விறைச்சுக்கும். அப்புறம் வெட்டுங்க, ஒட்டுங்க.

பசைக்கு ஃபெவிகால் போதும். பெரிய தாள் ஒட்டும்போது சீக்கிரம் காய்ஞ்சுடாமல் இருக்க மைதாப் பசை நல்லது. ஒரு பங்கு மைதா, அஞ்சு பங்கு தண்ணி, கட்டி இல்லாமல் கரைச்சு அடுப்பில் கிண்டினால் ஆச்சு. பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்து பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், வீட்டில் வேண்டாம். ரெண்டு நாளைக்குத் தேவையான பசையை மட்டும் கிண்டிக்கோங்க.

நிரப்பறது: வெள்ளைப் பக்கத்துப் பயம்

நோட்டு தைச்சு முடிச்சதும் எனக்குக் கை வரலை. முதல் பக்கத்தைக் கெடுத்துடுவோமோன்னு ரெண்டு வாரம் அப்படியே கிடந்தது. அப்பா பார்த்தார். எழுந்து போய் மஞ்சள் கரைச்சுட்டு வந்தார். முதல் பக்கத்தோட நாலு மூலையிலும் வெச்சு, மேலே "உ" போட்டார். "புதுக் கணக்குக்கு இப்படித்தான் ஆரம்பிக்கணும் அம்மிணி"ன்னார். பக்கம் அழுக்காயிடுச்சு. பயம் போச்சு. இன்னைக்கு வரைக்கும் நான் எந்த நோட்டையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். நீங்க காபி டம்ளர் வட்டம் வெச்சுக்கூட ஆரம்பிக்கலாம். வெள்ளையா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதுக்கு அப்புறம் ஒரு பக்கத்தை நாலு அடுக்கா யோசிங்க.

முதல் அடுக்கு அடித்தளம். பெயின்ட் ஊறாமல் இருக்க ஜெஸ்ஸோ பூசுவாங்க. விலை அதிகம். வெள்ளை அக்ரிலிக், ஃபெவிகால், நைஸ் சாக்பீஸ் பொடி மூணையும் கொஞ்சம் தண்ணியில் குழைச்சால் வீட்டு ஜெஸ்ஸோ. சொரசொரப்பு வேணும்னா ஒரு சிட்டிகை கோலமாவு.

ரெண்டாவது நிறம். மூணு நிறத்துக்கு மேல் வேண்டாம். எதை எடுக்கறதுன்னு குழப்பமா இருந்தால் ஒரு ஷேட் கார்டை எடுங்க, அதில் இருக்கிற நிறம் மட்டும்.

மூணாவது பொருள். பஸ் டிக்கெட், லேபிள், ரிப் துணி, பிசிர் நூல், எது வேணும்னாலும். ரிப் துணியில் பெயின்ட் தடவி முத்திரை மாதிரி ஒத்தினால் கோடு கோடா வரும். இலையோ ஜன்னல் கம்பி வலையோ கீழே வெச்சு, மேலே மெலிசான தாளில் பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய்ச்சால் அதோட உருவம் வரும். கல்வெட்டுக்குப் படி எடுக்கறதும் இதே யோசனைதான்: ஈரத் தாளைக் கல்லில் ஒத்தி, பிரஷ்ஷால் தட்டிப் பதிய வெச்சு, மேலே மை ஒத்துவாங்க. பள்ளமான எழுத்து வெள்ளையா நிக்கும். ஆனா கோயில் கல்லில் நீங்களா போய் இதைச் செய்யாதீங்க. அது அனுமதியோட, தெரிஞ்சவங்க செய்யற வேலை.

நாலாவது எழுத்து. அன்னைக்கு நடந்த ஒரே ஒரு விஷயம், தேதியோட. "இன்னைக்கு புரொடக்‌ஷன் சர்வர் ரெண்டு மணி நேரம் படுத்துடுச்சு, நான் அழலை"ன்னு ஒரு பக்கத்தில் எழுதியிருக்கேன். பத்து வருஷம் கழிச்சு அந்தப் பக்கத்தில் பெயின்ட்டை விட அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஒவ்வொரு அடுக்கும் காய்ஞ்ச அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு மூடினீங்கன்னா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். நடுவில் பட்டர் பேப்பர் வையுங்க.

நான் பண்ண தப்பு

இப்போ அந்தச் சிக்கல். தாள் தீர்ந்து போச்சு. மூட்டையில் அப்பாவோட கணக்கு நோட்டு இருந்துச்சு. நல்ல தடிமனான தாள், நீலக் கோடு, பழைய கையெழுத்து. டாம் பிலிப்ஸ் நாவல் மேல பண்ணதை நான் இதில் பண்ணலாம்னு தோணுச்சு. யூனிட்டே மூடியாச்சு, இனி யாருக்கு வேணும்? கேட்காமல் ஒரு பக்கத்தில் ஜெஸ்ஸோ பூசினேன்.

சாயங்காலம் அப்பா காயப்போட்டிருந்த நோட்டைப் பார்த்தார். திட்டலை. கொஞ்ச நேரம் அப்படியே நின்னார். "அது யாரு எனக்குத் தரணும்ங்கிற கணக்கு இல்ல அம்மிணி. நான் தர வேண்டியது"ன்னார்.

மூடறதுக்கு முந்தின தீபாவளிக்கு டெய்லருங்களுக்குப் பாதி போனஸ்தான் கொடுக்க முடிஞ்சிருக்கு. மீதி ஒன்பது பேருக்கு எவ்வளவுன்னு அந்தப் பக்கத்தில் எழுதி வெச்சிருக்கார். மாசா மாசம் ஒருத்தருக்கா கொடுத்துட்டு வந்திருக்கார். நாலு பேருக்குக் கொடுத்து டிக் போட்டாச்சு. வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அதன் மேல வெள்ளை அடிச்சிருந்தேன்.

ஈரத்துணியால் துடைச்சுப் பார்த்தேன், மை கலங்கினதுதான் மிச்சம். கோட் எழுதும்போது ஒவ்வொரு மாத்தத்துக்கும் பழைய வெர்ஷன் பத்திரமா இருக்கும், எந்த நிமிஷமும் திரும்பிப் போகலாம். நோட்டில் அது இல்லை. அந்த ராத்திரிதான் அது எனக்கு உறைச்சது.

அப்புறம்தான் அடுத்த பக்கம் ஞாபகம் வந்தது. அப்பா பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதுற ஆள். அடுத்த பக்கம் வெறுமையா இருந்தாலும் பள்ளம் விழுந்திருந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிச்சேன். நிழலில் எண்கள் தெரிஞ்சது. போட்டோ எடுத்துக்கிட்டு, 6பி பென்சிலைப் படுக்க வெச்சு ரொம்ப மெதுவா தேய்ச்சேன். ஒவ்வொரு பேரா வெள்ளையா எழும்பி வந்துச்சு. ஒன்பதில் ஏழு கிடைச்சது. மீதி ரெண்டு பேருக்கு அப்பா போன் பண்ணிக் கேட்டார். ஒருத்தர், "நானே மறந்துட்டனுங்க, விடுங்க"ன்னாராம். அப்பா விடலை.

அந்தப் பென்சில் தாள் என் ஜர்னலில் இல்லை. அதில் இருக்கிறது மத்தவங்க பேரு, மத்தவங்க பணம். அது அப்பாவோட நோட்டிலேயே இருக்கு. இப்போ அதில் ஏழு டிக். என் ஜர்னலில் அந்த நாளுக்கான பக்கம் ஒண்ணு இருக்கு. வெறும் சாம்பல் நிறத்தில் பென்சில் தேய்ச்சது, கீழே தேதி.

அதனால் என்னோட விதிகள் இப்போ இதுதான். யாரோட கையெழுத்து இருந்தாலும் கேட்காமல் ஒட்டாதீங்க, பூசாதீங்க. பிறப்புச் சான்றிதழ், பத்திரம், போட்டோ, கடிதம் எதுவா இருந்தாலும் ஸ்கேன் எடுத்து, பிரின்ட்டை ஒட்டுங்க. கடை பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகிற தாள், சில வருஷத்தில் எழுத்தே போயிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. செலோ டேப் வேண்டாம், பழுப்பாகி கழன்றுடும். நோட்டை மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு நிழலில் காத்தாட வையுங்க. மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

ஆரம்பிக்க என்ன வேணும்?

புதுசா எதுவும் வாங்க வேண்டாம். அஞ்சு தாள், ஒரு ஊசி, வீட்டில் தூக்கிப் போட இருக்கிற ஏதாவது ஒரு கவர். முதல் வாரம் மூணு பக்கம் மட்டும். உங்க ஊரில் என்ன கழிவு கிடைக்குதோ, அதுதான் உங்க மெட்டீரியல். சிவகாசின்னா அச்சுத்தாள், காஞ்சிபுரம்னா பட்டு நூல், எங்களுக்குப் பனியன் கட்டிங்.

மூட்டையில் இன்னும் பாதி இருக்கு. அப்பா இப்போ அவரே உட்கார்ந்து பிரிக்கிறார். "இது வேண்டாம், இது எடுத்துக்கோ"ன்னு ரெண்டு குவியலா போடுறார். நேத்து ஒரு லேப் டிப் அட்டையைக் கையில் வெச்சுக்கிட்டு, அந்த ஆர்டர் எப்படி வந்தது, ராத்திரி ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டி எப்படி முடிச்சாங்கன்னு அரை மணி நேரம் சொன்னார். நான் எழுதிக்கிட்டேன். அந்த நீலத்துக்குக் கீழேயே.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். நீங்க தைச்ச நோட்டு கோணலா இருந்தாலும் போட்டோ அனுப்புங்க. என்னோட முதல் நோட்டு இன்னும் கோணல்தான்.